சூடு ஏறுவது ஒரு கேள்வி, தண்ணீர் குறைவது இன்னொரு கேள்வி

எங்கள் லாரி 2000-களின் தொடக்கத்தில் பதிவான ஆறு சக்கர வண்டி. ஆறு சிலிண்டர் டர்போ டீசல் எஞ்சின், முன்னால் டர்போ அழுத்தும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், அதற்குப் பின்னால் செம்பும் பித்தளையுமாகச் செய்த பழைய வகை ரேடியேட்டர் என்று அந்தக் காலத்து அமைப்பு இன்னும் மாறாமல் இருக்கிறது. சேலம் பக்கத்தில் ஜவ்வரிசியோ ஸ்டார்ச் மாவோ ஏற்றிக்கொண்டு, தொப்பூர் கணவாய் ஏறி, தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகக் கர்நாடகத்துக்குப் போவோம். திரும்பும்போது தாவணகெரே வட்டாரத்திலிருந்து நாமக்கல் கோழித் தீவன ஆலைகளுக்கு மக்காச்சோளம் ஏற்றி வருவோம். சரக்கைப் பற்றி இங்கே சொல்லக் காரணம் உண்டு. எஞ்சின் சூடானதில் மக்காச்சோளத்துக்கும் ஒரு பங்கு இருந்தது.

ஒரு கோடையில், தொப்பூர் ஏற்றத்தின் பாதிக்கு முன்பே ஹீட் மீட்டரின் முள் சிவப்புக் கோட்டை நெருங்கத் தொடங்கியது. சமதளத்தில் முள் நடுவிலேயே நின்றது. ஓசூரைத் தாண்டிக் கர்நாடக எல்லையில் உள்ள அத்திப்பள்ளி நெரிசலில் எஞ்சினை அணைக்காமல் நெடுநேரம் காத்திருந்தாலும் ஒன்றும் ஆகவில்லை. சுமையோடு ஏற்றம் ஏறும்போது மட்டும்தான் தொல்லை. அதோடு, காலையில் நிரப்பிய ரேடியேட்டரில் மாலைக்குள் ஒன்றிரண்டு லிட்டர் குறைந்திருந்தது. ஆனால் எஞ்சினுக்கு அடியில் எங்கும் ஈரம் தென்படவில்லை.

இப்படிப்பட்ட நிலையில் நெடுஞ்சாலையில் கிடைக்கும் யோசனைகள் இரண்டுதான். "தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டி வீசுங்க, தானா சரியாயிடும்" என்றார் எங்களோடு ஓடும் ஓட்டுநர் ஒருவர். தண்ணீர் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைப்பது அந்த வால்வு. "ஹீட்டும் ஏறுது, தண்ணியும் குறையுது, அப்புறம் என்னங்க சந்தேகம்? ஹெட் கேஸ்கெட் போயிருக்கு, இறக்கிடலாம்" என்றார்கள் பட்டறையில். எஞ்சின் உடலுக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடுதான் ஹெட் கேஸ்கெட். இரண்டுக்கும் நான் உடன்படவில்லை. சூடு ஏறுவதையும் தண்ணீர் குறைவதையும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள் என்று சேர்த்துக் கட்டிவிடுவதால்தான் பழைய வண்டிகளில் பெரும்பாலான செலவு வீணாகிறது என்பது என் கருத்து. இருபது ஆண்டு ஓடிய வண்டியில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கோளாறுகள் இருப்பது இயல்பு. அவற்றைத் தனித்தனிக் கேள்விகளாக வைத்துக்கொண்டு, செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போக வேண்டும்.

முள் காட்டுவது உண்மைதானா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். பழைய வண்டிகளில் சென்சாரின் ஒயரும் எர்த்தும் கெட்டு, மீட்டர் தவறாகக் காட்டுவது சகஜம். முகப்பு விளக்கைப் போட்டதும் முள் சற்று மேலே நகர்ந்தால் எர்த்தில் பழுது இருக்கிறது என்று பொருள். தண்ணீர் ஒரு விளக்கைப் போட்டதால் சூடாகாது. இதை உறுதிசெய்ய, தொடாமலே வெப்பம் அளக்கும் துப்பாக்கி வடிவக் கருவி ஒன்றை வாங்கிக்கொள்வது நல்லது. கொரோனாக் காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டிய கருவி இதற்கு உதவாது, அது உடல் வெப்பத்தின் குறுகிய எல்லைக்குள் மட்டும் அளப்பது. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கு உரியது 300 டிகிரிக்கு மேலும் காட்டும். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. பளபளக்கும் உலோகத்தின் மேல் பிடித்தால் உள்ளதைவிடக் குறைவாகத்தான் காட்டும்; அளக்க வேண்டிய இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சிறிது ஒட்டி அதன்மேல் பிடித்தால் ஓரளவு சரியான எண் கிடைக்கும். எங்கள் வண்டியில் தெர்மோஸ்டாட் வீட்டின் (அது பொருந்தியிருக்கும் உறையின்) மேல் ஒட்டிப் பார்த்தபோது மீட்டரும் கருவியும் ஏறக்குறைய ஒத்துப்போயின. ஆகவே சூடு உண்மை.

மீட்டரைப் பற்றி ஓட்டுநர்கள் அறிய வேண்டிய இன்னொரு செய்தி இருக்கிறது. சிவப்பை நெருங்கிய முள், நீங்கள் ஒன்றும் செய்யாமலே திடீரென்று கீழே இறங்கினால் நிம்மதி அடையக் கூடாது. சென்சாரின் முனை தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாக அளக்கும். தண்ணீர் மட்டம் அதற்குக் கீழே போய்விட்டால், அது வெறும் ஆவியையும் காற்றையும் அளந்து குறைவாகக் காட்டும். உடனே வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைக்க வேண்டிய நேரம் அதுதான்.

அடுத்தது, எப்போது சூடாகிறது என்ற கேள்வி. நின்றுகொண்டிருக்கும்போது சூடானால் ஃபேன், ஓடும்போது சூடானால் ரேடியேட்டர் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். கார்களுக்கு அது ஓரளவு பொருந்தும். ஆனால் டீசல் எஞ்சின் சும்மா ஓடும்போது உருவாகும் வெப்பம் மிகக் குறைவு. ஃபேன் பாதி செத்திருந்தாலும் நெரிசலில் முள் அசையாமல் நிற்கும். அதனால் அத்திப்பள்ளியில் சூடாகவில்லை என்பதை வைத்து எங்கள் ஃபேனை நான் விடுவித்துவிடவில்லை. முழுச் சுமையோடு இரண்டாம் கியரிலோ மூன்றாம் கியரிலோ ஏறும்போதுதான் எஞ்சின் முழு வெப்பத்தையும் கக்குகிறது. வண்டியின் வேகமோ ஊர்வதைவிடச் சற்றே கூடுதல், முன்னாலிருந்து தானாக வரும் காற்று கிட்டத்தட்ட இல்லை. பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே ரேடியேட்டரைக் காப்பாற்றுவது ஃபேன் இழுக்கும் காற்று ஒன்றுதான்.

எஞ்சின் முழுதாகக் குளிர்ந்திருக்கும் விடியற்காலையில் செய்யும் சோதனைகளுக்குக் காசு செலவில்லை. டிப்ஸ்டிக்கை எடுத்து எண்ணெய் வெளுத்துக் கலங்கியிருக்கிறதா, அளவு கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; இரண்டும் இல்லை. ஃபேன் பெல்ட்டின் உட்புறம் கண்ணாடி போல் மினுமினுத்தால் அது வழுக்குகிறது என்று அறியலாம், அதுவும் இல்லை. வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளையில் தண்ணீர் வடிந்த தடம் இருக்கிறதா என்றும், புல்லியைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா என்றும் பார்த்தோம். இவற்றையெல்லாம் வேகமாகக் கடந்துவிடலாம். ஆனால் ரேடியேட்டர் மூடியிலும் கீழ் ஹோஸிலும் சற்று நின்று பார்க்க வேண்டும்.

மூடியை வெறும் மூடி என்று எண்ணுகிறவர்கள் அதிகம். அதில் இரண்டு வால்வுகள் இருக்கின்றன. ஒன்று, உள்ளே அழுத்தம் குறிப்பிட்ட அளவை எட்டும்வரை திறக்காமல் பிடித்து வைப்பது. மற்றொன்று, எஞ்சின் குளிரும்போது வெளியிலிருந்து காற்றோ தண்ணீரோ உள்ளே வர வழிவிடும், நடுவில் உள்ள சிறு வால்வு. 7 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம்) மூடி ஒழுங்காக வேலை செய்தால், சாதாரணத் தண்ணீரே சுமார் 111 டிகிரியில்தான் கொதிக்கும். ரப்பர் வளையம் வெடித்துப்போய் அழுத்தம் நிற்காவிட்டால், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். எஞ்சினில் வேறு எந்தக் கோளாறும் இல்லாமலே, மூடி ஒன்றினால் மட்டும் தண்ணீர் பொங்கி வெளியேறி, குறைந்த தண்ணீரால் பிறகு உண்மையாகவே சூடாகும் வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். நடு வால்வு ஒட்டிக்கொண்டிருந்தால், காலையில் ஹோஸ் உள்ளே ஒடுங்கிக் கிடக்கும். மூடியைத் திறந்ததும் காற்றை உறிஞ்சும் சத்தத்தோடு நிமிரும். எங்கள் மூடியின் ரப்பர் காய்ந்து விரிசல் விட்டிருந்தது. அதே அழுத்த எண் பொறித்த புதிய மூடி போட்டோம். எண்ணைப் பாராமல் கையில் கிடைத்ததைப் போடக் கூடாது. கூடுதல் அழுத்த மூடி பழைய ரேடியேட்டரின் ஈயப்பற்றை விட்டுப் பிரித்துவிடும்.

கீழ் ஹோஸ் வாட்டர் பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. அதனுள்ளே ஒரு கம்பிச் சுருள் இருக்க வேண்டும். ஹோஸ் மாற்றும்போது பழைய சுருளைக் குப்பையில் போட்டுவிட்டு வெறும் ரப்பரை மட்டும் மாட்டிவிடுவது பல இடங்களில் நடக்கிறது. எஞ்சின் சூடான பிறகு ஒருவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க, மற்றொருவர் கீழ் ஹோஸைப் பார்க்க வேண்டும்; வேகம் கூடக் கூட அது சப்பையாகிச் சுருங்கினால், ஏற்றத்தில் தண்ணீரோட்டம் எங்கே நின்றது என்பதற்கு விடை அங்கேயே கிடைத்துவிடும். எங்களுடையது உறுதியாக இருந்தது.

இனி தெர்மோஸ்டாட். ஓட்டுநர் நண்பர்கள் சிலர் கோபித்துக்கொண்டாலும் இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். "நம்ம ஊர் வெயிலுக்கு வால்வு எதுக்கு" என்பது லாரித் தொழிலில் ஊறிப்போன நம்பிக்கை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல், பைபாஸ் என்னும் குறுக்கு வழியாக எஞ்சினுக்குள்ளேயே சுற்றிவர வேண்டும். சூடானதும் தெர்மோஸ்டாட் திறந்து ரேடியேட்டருக்கு வழி விடும். லாரி எஞ்சின்கள் பலவற்றில் அதே தெர்மோஸ்டாட்டின் அடிப்பகுதியில் உள்ள இன்னொரு தட்டு, திறக்கும் அதே அசைவில் பைபாஸ் வழியை மூடுகிறது. அந்த வால்வைக் கழற்றி எறிந்துவிட்டால் ரேடியேட்டருக்கான வழி எப்போதும் திறந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் பைபாஸ் வழியும் எப்போதும் திறந்தே இருக்கும். தண்ணீர் எளிதான பாதையைத்தான் தேடும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரின் குறுகிய குழாய்களுக்குள் நுழையாமல் குறுக்கு வழியாகவே திரும்பவும் எஞ்சினுக்கு வந்துவிடும். வால்வு இல்லாத வண்டி சமதளத்தில் தேவைக்கு அதிகமாகக் குளிர்ந்து டீசலைக் குடிப்பதும், அதே வண்டி ஏற்றத்தில் கொதிப்பதும் இதனால்தான்.

வால்வு கெட்டிருக்கிறதா என்று அறிய அதைக் கழற்றி, ஒரு பழைய பாத்திரத்துத் தண்ணீரில் கம்பியால் தொங்கவிட்டு, அடியில் படாமல் பார்த்துக்கொண்டு அடுப்பில் வைத்தால் போதும். திறக்கத் தொடங்கும் வெப்பநிலை அதன் விளிம்பிலேயே பொறித்திருக்கும். எங்களுடையதில் 83 என்று இருந்தது. தண்ணீரில் ஒரு தெர்மாமீட்டரைப் போட்டுப் பார்த்தபோது அதற்கு அருகிலேயே அசையத் தொடங்கி, தண்ணீர் தளதளக்கும் முன்பே முழுதாகத் திறந்துகொண்டது. நல்ல பொருள். புதிய கேஸ்கெட் வைத்துத் திரும்ப மாட்டினோம். மாட்டும்போது, சூட்டில் விரிந்து வால்வைத் திறக்கும் மெழுகுக் குமிழ் எஞ்சின் பக்கம் பார்த்திருக்க வேண்டும்; தலைகீழாக மாட்டிய வால்வு நேரத்துக்குத் திறக்காது.

அதன்பின் காற்று வழிக்கு வந்தோம். முன் கிரில்லைத் திறந்து பார்த்தால் இன்டர்கூலர் சுத்தமாகத்தான் தெரிந்தது. ஒவ்வொரு முறை வண்டியைக் கழுவும்போதும் தண்ணீர் அடிக்கிற இடம் அது. அதற்கும் பின்னால் இருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி இருக்கிறது. அது முன்னாலிருந்தும் தெரியாது, ஃபேன் பக்கமிருந்தும் தெரியாது. இரவில் ஃபேன் பக்கம் ஒரு நல்ல டார்ச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, முன்னால் குனிந்து பார்த்தேன். மேல் ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தன. மீதிப் பரப்பு முழுவதும் இருட்டு. மறுநாள் இன்டர்கூலரின் போல்ட்டுகளைக் கழற்றி முன்னால் சாய்த்தபோது விவரம் புரிந்தது. இன்டர்கூலர் ஹோஸின் கிளிப் தளர்ந்து, அதன் வழியாகக் கசிந்த எண்ணெய்ப் புகை ரேடியேட்டரின் முகத்தில் பிசுபிசுப்பாகப் படிந்திருக்கிறது. அதன்மேல் மக்காச்சோளத்தின் சுணையும், தவிடும், கோழிப்பண்ணைப் பக்கம் பறக்கும் மெல்லிறகும், ஸ்டார்ச் மாவின் தூசியும் வந்து ஒட்டி, கையால் உரித்து எடுக்கும் அளவுக்குத் தடித்திருந்தன.

இதைச் சுத்தம் செய்வதில் அவசரம் கூடாது. வாட்டர் சர்வீஸில் கொடுத்தால் அழுத்தக் குழாயை நெருக்கிப் பிடித்து அடிப்பார்கள். மெல்லிய செம்புத் தகடுகள் மடங்கி, அழுக்கு போன இடத்தைத் தகடே அடைத்துவிடும். முதலில் காய்ந்த நிலையில் ஃபேன் பக்கமிருந்து முன்பக்கமாகக் காற்றடிக்க வேண்டும். அழுக்கு வந்த வழியே திரும்பிப் போகும். பிறகு சோப்புத் தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டு, சாதாரணத் தோட்டக் குழாயின் வேகத்தில் அதே திசையில் அலச வேண்டும். மடங்கியிருந்த தகடுகளைப் பழைய ஹேக்ஸா பிளேடின் முனையால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினோம். இரவில் மீண்டும் டார்ச் பிடித்தபோது பரப்பு முழுவதும் வெளிச்சம் தெரிந்தது.

அதே வேளையில் ஃபேனையும் பார்த்தோம். எங்கள் வண்டியில் இருப்பது விஸ்கஸ் ஃபேன். ரேடியேட்டரிலிருந்து வரும் காற்று சூடாக இருந்தால் உள்ளே உள்ள சிலிகான் திரவம் பிடித்துக்கொண்டு ஃபேனை வேகமாகச் சுழற்றும், இல்லாவிட்டால் நழுவவிடும். நன்றாகச் சூடேறிய எஞ்சினை அணைத்துவிட்டுக் கையால் ஃபேனைத் தள்ளினால் கனமாகத் தடுக்க வேண்டும். தங்கு தடையின்றிச் சில சுற்றுகள் சுற்றினால் திரவம் போய்விட்டது என்று அறியலாம். ஹப்பின் நடுவிலிருந்து வெளிப்புறமாகத் தூசி ஒட்டிய எண்ணெய்க் கோடுகள் இருந்தாலும் அதே பொருள். எங்கள் ஃபேன் தடுத்தது. ஆனால் ஃபேனைச் சுற்றியிருக்க வேண்டிய கூண்டின் கீழ்ப்பாதியைக் காணோம். எப்போதோ பெல்ட் மாற்றியவர்கள் இடைஞ்சல் என்று கழற்றியிருக்க வேண்டும். கூண்டு இல்லாத ஃபேன், ரேடியேட்டரின் ஊடாகக் காற்றை இழுப்பதற்குப் பதிலாகத் தன் ஓரத்தில் உள்ள சூடான காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும். உடைத்த வண்டிகளின் உதிரிக் கடையில் அது கிடைத்தது. இந்தப் பழுதுபார்ப்பு முழுவதிலும் மிகக் குறைந்த செலவில் மிகுந்த பலன் தந்தது அந்தத் தகடு என்றே நினைக்கிறேன்.

அடுத்த முறை முழு லோடோடு தொப்பூர் ஏறியபோது முள் நடுக்கோட்டைத் தாண்டி ஏறியது, ஆனால் சிவப்புக்கு வெகு கீழே நின்றுகொண்டது. முதல் கேள்விக்குப் பெருமளவு விடை கிடைத்துவிட்டது. ஆனால் மாலையில் மூடியைத் திறந்தால் தண்ணீர் முன்போலவே குறைந்திருந்தது.

இப்போது பட்டறைக்காரர் சொன்ன ஹெட் கேஸ்கெட்டுக்கு வருவோம். குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து, கழுத்துவரை நிரப்பி, எஞ்சினை இயக்கிப் பார்த்தபோது குமிழிகள் விடாமல் வந்துகொண்டிருந்தன. தண்ணீர் சூடாகும் முன்பே மேல் ஹோஸ் விறைத்துக்கொண்டது. இதைப் பார்க்கும் எந்த மெக்கானிக்கும் ஹெட்டைத்தான் சொல்வார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் லாரியில் தண்ணீருக்குள் காற்றைத் தள்ளக்கூடிய இன்னொரு பொருளும் இருக்கிறது. அது பிரேக்குக்குக் காற்று அடைக்கும் ஏர் கம்ப்ரஸர். அதன் ஹெட்டைக் குளிர்விக்க எஞ்சினின் தண்ணீரே ஒரு குழாய் வழியாகப் போய், மறு குழாய் வழியாகத் திரும்பி வருகிறது. கம்ப்ரஸர் ஹெட்டின் கேஸ்கெட் விட்டுப்போனாலோ ஹெட்டில் கீறல் விழுந்தாலோ, அது அழுத்தும் காற்று தண்ணீருக்குள் புகுந்து, அசல் ஹெட் கேஸ்கெட் போனதைப் போன்ற அத்தனை அடையாளங்களையும் காட்டும். காற்று புகுந்த தண்ணீர் பொங்கி, நிரம்பி வழியும் குழாய் வழியாக ஓடும்போதே வெளியேறிவிடும். சாலையில் சிந்துவதால் நின்ற இடத்தில் ஈரமும் தெரியாது.

இரண்டையும் பிரித்தறியும் வழிகளில் முதலாவது பிரேக் பெடல். ஏர் டேங்க் நிரம்பி மீட்டர் 7-க்கும் 8-க்கும் இடைப்பட்ட பார் அளவை எட்டியதும், அன்லோடர் வால்வு புஸ்ஸென்று காற்றை வெளியே விடும். அதன்பின் கம்ப்ரஸர் எதிர்ப்பில்லாமல் சும்மா சுற்றும். நான் ரேடியேட்டர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க, மைத்துனர் கேபினில் உட்கார்ந்திருந்தார். அன்லோடர் விட்டதும் குமிழிகள் ஒன்றிரண்டாகக் குறைந்தன. "இப்ப பிரேக்கை நாலஞ்சு தடவை மிதிங்க மாப்பிள்ளை" என்றேன். காற்று இறங்கிக் கம்ப்ரஸர் மறுபடி அழுத்தத் தொடங்கியதும் குமிழிகள் பழையபடி பெருகின. சிலிண்டரிலிருந்து புகுந்து வரும் புகைக்கு பிரேக் பெடலோடு எந்தத் தொடர்பும் இருக்க முடியாது.

அதோடு நிறுத்தாமல், கம்ப்ரஸருக்குப் போகும் இரண்டு தண்ணீர்க் குழாய்களையும் கழற்றி, ஒரு துண்டு ஹோஸால் ஒன்றோடொன்று இணைத்துவிட்டு எஞ்சினைச் சில நிமிடங்கள் மட்டும் இயக்கினோம். கம்ப்ரஸரைத் தண்ணீர் இல்லாமல் நெடுநேரம் ஓட்டக் கூடாது. குமிழிகள் அறவே நின்றன. பொறுமை உள்ளவர்கள் மூன்றாவதாக ஒரு சோதனையும் செய்யலாம். ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை ஒரு நீலத் திரவத்தின் ஊடாக இழுக்கும் கருவி உண்டு. எரிந்த புகையில் உள்ள கரியமில வாயு பட்டால் திரவம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும், கம்ப்ரஸரின் வெறுங்காற்று பட்டால் நீலமாகவே இருக்கும். ஏர் டேங்கின் அடிக் குழாயைத் திறக்கும்போது கூலன்ட்டின் நிறத்தோடு தண்ணீர் வந்தால் அதுவும் கம்ப்ரஸரையே காட்டும். வெறுந்தண்ணீர் ஊற்றி ஓட்டுகிறவர்களுக்கு இந்த அடையாளம் கிடைக்காது, ஏனென்றால் மழைக்காலத்தில் நல்ல வண்டியின் ஏர் டேங்கிலும் தண்ணீர் சேரும்.

கம்ப்ரஸர் ஹெட்டைக் கழற்றியபோது கேஸ்கெட்டில் தண்ணீர்த் துளைக்கும் காற்று அறைக்கும் நடுவே கறுத்த ஒரு தடம் ஓடியிருந்தது. ஹெட்டின் முகத்தைச் சமன்செய்து புதிய கேஸ்கெட் போட்டதோடு தண்ணீர் குறைவது நின்றது. அரைநாள் வேலை. எஞ்சின் ஹெட்டை இறக்கியிருந்தால் ஒரு வாரம் வண்டி நின்றிருக்கும். செலவு ஐந்திலக்கத்தில் போயிருக்கும். எஞ்சின் ஹெட்டின் கேஸ்கெட்டை மாற்றிய பிறகும் குமிழி வந்துகொண்டேதான் இருந்திருக்கும்.

ரேடியேட்டரின் உட்புறத்தைக் கடைசியாகத்தான் தொட்டோம். வெப்பக் கருவியை எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டரின் முகத்தில் கட்டம் கட்டமாகப் பிடித்தால், தண்ணீர் ஓடும் குழாய்களும் அடைபட்ட குழாய்களும் எண்களாகவே தெரிந்துவிடும். மேலும் கீழும் கிட்டத்தட்ட ஒரே சூடு என்றால் காற்று போதவில்லை. மேல் தொட்டி கொதித்து அடித்தொட்டி வெகுவாகக் குளிர்ந்திருந்தால் தண்ணீரோட்டம் போதவில்லை. எங்களுடையதில் ஒரு பக்க ஓரத்தில் மட்டும் சில வரிசைகள் குளிர்ந்து கிடந்தன. ரேடியேட்டர் பட்டறையில் மேல் தொட்டியையும் கீழ்த் தொட்டியையும் உருக்கிப் பிரித்தபோது அந்தக் குழாய்களின் வாயில் சுண்ணாம்பு வெள்ளையாக அடைத்திருந்தது. பெரியவர் ஒவ்வொரு குழாய்க்குள்ளும் தட்டையான கம்பியை விட்டு இழுத்து எடுத்தார். "போர் தண்ணியை ஊத்துனா இப்படித்தானுங்க, வீட்டுக் குடத்துல படியறது இதுல படியாதா" என்றார். கொங்குப் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று உப்பு நீரை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. இன்றைய அலுமினியமும் பிளாஸ்டிக்கும் கலந்த ரேடியேட்டர்களில் இப்படிப் பிரித்துக் கம்பி விட முடியாது என்பதால், அவற்றில் தண்ணீரைப் பற்றி இன்னும் கவனம் வேண்டும்.

கூலன்ட் பனி உறையும் நாடுகளுக்கு உரியது என்ற எண்ணம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. நமக்கு அது தேவைப்படுவது துருவையும் படிவையும் தடுப்பதற்காக. தண்ணீர் நேரடியாக லைனரின் (பிஸ்டன் ஓடும் உருளைக் குழலின்) வெளிப்புறத்தில் படும் எஞ்சின்களில், வெறுந்தண்ணீரில் ஓடினால் லைனரின் அதிர்வால் உண்டாகும் நுண்குமிழிகள் வெடித்து, உலோகத்தில் ஊசிமுனைக் குழிகள் விழுந்து, ஒருநாள் துளையாகவே போய்விடும். கூலன்ட்டில் உள்ள மருந்து அதைத் தடுக்கிறது. அதற்காக நீர் கலக்காமல் முழுக் கூலன்ட்டையே ஊற்றுவதும் தவறு. வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீருக்கு நிகர் அது இல்லை. டப்பாவில் எழுதியிருக்கும் விகிதத்தில், பேட்டரிக்கு ஊற்றும் சுத்தநீரோடு கலந்தால் போதும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் சூடானால் தண்ணீர் வழிக்கு வெளியே பார்க்க வேண்டும். பிரேக் பிடித்துக்கொண்டே ஓடும் சக்கரம், இழுவைக்காகப் பம்பில் கூட்டி வைத்த டீசல், பின்தங்கிய இன்ஜெக்‌ஷன் டைமிங், அடைபட்ட ஏர் ஃபில்டர் ஆகியவை தண்ணீர் வழியில் ஒரு குறையும் இல்லாமலே முள்ளை ஏற்றிவிடும். கறும்புகை கக்கிக்கொண்டு ஏறும் வண்டி சூடாவதற்கு ரேடியேட்டரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. காற்றின் திசையையும் மறக்கக் கூடாது. ஆடிக் காற்றில் பாலக்காட்டிலிருந்து கோவை நோக்கிக் கிழக்கே வரும்போது காற்று முதுகில் அடிப்பதால், நல்ல வண்டியிலும் முள் வழக்கத்தைவிடச் சற்று மேலே நிற்கும்.

ஓட்டும் முறையிலும் விடையின் ஒரு பகுதி இருக்கிறது. ஏற்றத்தில் எஞ்சின் திணறத் திணற மேல் கியரிலேயே இழுப்பவர்கள், டீசல் மிச்சமாகும் என்று நினைக்கிறார்கள். ஃபேனும் வாட்டர் பம்பும் எஞ்சினின் சுழற்சியோடு இணைந்தவை. எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் இவையும் மெதுவாகத்தான் சுற்றும். முள் ஏறத் தொடங்கியதும் ஒரு கியர் குறைத்து, ஆக்ஸிலேட்டரைப் பாதியாக்கி, எஞ்சினைச் சற்று வேகமாகச் சுற்றவிட்டால் பல நேரம் அதுவே போதும். அப்படியும் இறங்காவிட்டால் ஓரங்கட்டி, தண்ணீர் இருக்கும்வரை எஞ்சினை அணைக்காமல் மிதமான வேகத்தில் சில நிமிடங்கள் ஓடவிட வேண்டும். உடனே அணைத்தால் தண்ணீர் சுற்றுவது நின்று, ஹெட்டில் தேங்கிய வெப்பத்தால் அது அங்கேயே கொதித்துப் பொங்கும். டர்போவின் பேரிங்குக்கும் கேடு. தண்ணீர் போய்விட்டது என்று தெரிந்தால் மட்டும் உடனே அணைத்துவிட வேண்டும். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும். மூடியை, மேல் ஹோஸ் கையால் அழுத்தினால் அமுங்கும் அளவுக்குக் குளிர்ந்த பிறகே தொட வேண்டும். தொப்பூர் ஏற்றத்து ஓரத்தில் ஈரத்துணியைச் சுற்றி மூடியைத் திறந்து முகம் வெந்துபோன கிளீனர் பையன்களை இத்தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள்.

தண்ணீரை முழுதாக இறக்கிய பின் திரும்ப நிரப்புவதிலும் ஒரு வேலை இருக்கிறது. 20 லிட்டருக்கு மேல் பிடிக்கும் அமைப்பில் கடகடவென்று ஊற்றினால் உள்ளே காற்று மாட்டிக்கொண்டு, நிரம்பியதைப் போலத் தெரியும். மெதுவாக ஊற்றி, தெர்மோஸ்டாட் வீட்டின் மேலுள்ள பிளக்கையோ கம்ப்ரஸரின் மேல் ஹோஸையோ சற்றுத் தளர்த்தி, காற்று நின்று தண்ணீர் மட்டும் வரும்வரை விட்டு இறுக்க வேண்டும். மூடி போடாமல் எஞ்சினை இயக்கி, வால்வு திறந்து மேல் ஹோஸ் சுடும்போது மட்டம் இறங்கும்; அப்போது எஞ்சின் ஓடும் நிலையிலேயே கலந்து வைத்த கூலன்ட்டைச் சிறிது சிறிதாக ஊற்றி நிரப்பி மூட வேண்டும். முதல் ஓட்டத்துக்குப் பிறகு, மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் மட்டத்தைப் பார்த்தால் அரை லிட்டர்வரை இறங்கியிருக்கலாம். அது உள்ளே மிச்சமிருந்த காற்று வெளியேறிய இடம். அதை நிரப்பிய பிறகும் அடுத்த நாள் குறைந்தால்தான் கசிவைத் தேடத் தொடங்க வேண்டும்.